வெளியிலிருந்து ஒரு பூட்டு

என் மாமியாரைப் பற்றி நான் இங்கே சொல்வதை யாரும் வெட்டிக் குறைக்கக் கூடாது. ஒரு தடவை வெட்டியதன் பலனை அனுபவித்துக்கொண்டிருப்பவள் நான். அதனால் முழுசாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது சின்ன ரேடியோ. எங்கள் பகுதியின் எல்லையைத் தாண்டினால் கேட்காது. ஒரு மாடிப்படி, இரண்டு அறை, மொட்டை மாடியில் ஒரு கம்பம், அவ்வளவுதான் நிலையம். தண்ணீர் எப்போது வரும், ஆஸ்பத்திரியில் இன்று டாக்டர் இருக்கிறாரா, எந்தத் தெருவில் மின்கம்பி அறுந்து கிடக்கிறது, யார் வீட்டு ஆடு காணோம், இவைதான் எங்கள் தலைப்புச் செய்திகள். பெரிய சேனல்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் பேச்சைக் கேட்டு எங்கள் பகுதியில் ஒருவரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதில்லை. நான் சொன்னால் ஓடுவார்கள்.

நிலையத்துக்குக் கீழே வெல்டிங் பட்டறை. பகலெல்லாம் இரும்பு அறுக்கிற சத்தத்தில் பல் கூசும். அதனால் காலை நிகழ்ச்சிக்கான பேச்சை முந்தின நாளே வீட்டில் பதிவு செய்துவிடுவேன். வீட்டின் பின்பக்கம் சாமான் அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது. பழைய மெத்தைகளைச் சுவரில் சாத்திவைத்து, தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் குரல் கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக விழும். கதவு ஒன்றுதான் தொல்லை. மழையில் ஊறி வளைந்துபோன கதவு, சாத்தச் சாத்தத் தானே திறந்துகொள்ளும். சாமான் அறைக்கு யாராவது உள்பக்கம் தாழ்ப்பாள் வைப்பார்களா? வெளிப்பக்கம்தான் இருந்தது.

அதற்கு வழி செய்தது அத்தைதான். நான் உள்ளே போனதும் வெளியே பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் பேசி முடித்துக் கதவைத் தட்டினால்தான் திறப்பார். அதுவரை ஈ காக்கை அண்டாது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடினால் போய்ச் சண்டை. குழந்தைகள் சிணுங்கினால் கண்ணை உருட்டல். வாரக்கணக்கில் லாரி ஓட்டிவிட்டுக் களைத்து வந்து நின்ற சொந்த மகனையே, என் வீட்டுக்காரரைத்தான், “அவ உள்ள பேசிட்டிருக்கா, செருப்பச் சத்தமில்லாமக் கழட்டுடா” என்று வாசலோடு நிறுத்தியிருக்கிறார். எந்த மாமியார் மருமகளுக்குக் காவல் உட்கார்ந்தார்? உலகத்தில் மாமியார் என்றாலே வேறு கதைதான் எல்லாருக்கும் தெரியும். வினையே அங்கேதான்.

இப்படியிருக்கும்போது கத்தரி ஒரு செய்தி கொண்டுவந்தான். கத்தரி எங்கள் தொகுப்பாளன். பதிவை வெட்டி ஒட்டுவது அவன் வேலை, வெட்டுவதில் அவனுக்கு ஒரு வெறி. ஒரு மணி நேரக் கூட்டத்தைத் தும்மல் நீளத்துக்குக் குறைத்துத் தருவான். “அக்கா, நம்மள மாதிரி சின்ன ரேடியோ, சின்னப் பத்திரிகை நடத்துறவங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு மாநாடு. உதவித்தொகை குடுக்கிறாங்க. போக வர, தங்க, சாப்பிட எல்லாம் அவங்க பொறுப்பு. நீங்க எப்படி வேலை செய்றீங்கன்னு மூணு நிமிஷம் பேசி அனுப்பணும், அவ்வளவுதான்.”

பேசினேன். வாயைத் திறந்தால் மூன்று நிமிடத்தில் மூடுகிற ஆளா நான்? கேட்டுவிட்டுக் கத்தரி தலையில் கைவைத்தான். “இதுல பாதி உங்க அத்தை பக்கத்து வீட்டுக்காரங்களோட போட்ட சண்டையா இருக்கே அக்கா. அதையெல்லாம் எடுத்துடறேன்.” அனுப்ப வேண்டிய கெடு நெருங்கிவிட்டது. வெட்டினான், அனுப்பினான். நான் கேட்டுப் பார்க்கவில்லை. சமைத்தவளை வைத்துக்கொண்டு உப்புப் பார்ப்போமா? நித்தமும் அவன் கையை நம்பித்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

கிடைத்துவிட்டது. நான் தனியாக ஒரு ஊருக்குப் போனது கிடையாது, வேலை என்று சொல்லிக்கொண்டு போனது கிடையவே கிடையாது. என்னைவிட அத்தைக்குத்தான் கால் தரையில் பாவவில்லை. பெட்டியில் துணியை அவரே மடித்து வைத்தார். “மேடையில நிக்கும்போது ஒரு போட்டோ எடுத்துட்டு வா. கடைசி நாள் நீ பேசுறத நம்ம ரேடியோவுல நேராப் போடப்போறானாமே கத்தரி? தெருவையே கூட்டி உக்கார வச்சுக் கேக்கப்போறேன், பாரு.”

மாநாட்டு வாசலில் பெயர் பதிகிற மேசை இருந்தது. எல்லாருக்கும் அட்டையைக் கழுத்தில் மாட்ட நீலப் பட்டை கொடுத்தார்கள். எனக்கு மட்டும் சிவப்பு.

“இது ஏங்க சிவப்பு?”

“உங்களை யாரும் போட்டோ எடுக்கக் கூடாதுன்னு அர்த்தம். உங்க பாதுகாப்புக்குத்தான்” என்று மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த அழுத்தலில் ஒரு துக்க வீட்டுச் சாயல் இருந்தது. முதல் தடவை வருகிறவர்களை இப்படித்தான் வரவேற்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அன்றைய பகலை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன், அது சத்தியம். மலைமேல் மோட்டார் சைக்கிள் பாட்டரியில் ரேடியோ நடத்துகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சந்தையில் ஒலிபெருக்கி கட்டி விலை நிலவரம் சொல்கிறவர் எதிரில் இருந்தார். அதிகாரி பதில் சொல்ல மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டதற்கு மலைக்காரர் சொன்னார்: “கேள்வியை ஒலிபரப்புவோம். அப்புறம் அவர் பேசாம இருந்த நேரத்தையும் அப்படியே ஒலிபரப்புவோம். மறுநாள் அவரே போன் பண்ணுவார்.” எத்தனை வருடமாக இந்தக் கேள்வியோடு முட்டிக்கொண்டிருந்தேன்! வீட்டிலிருந்தபடி ஆயுசுக்கும் யோசித்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காது. “நீங்க என்ன மைக் வச்சிருக்கீங்க?” என்று ஒருவர் கேட்டார். அந்தச் சாதாரணக் கேள்விக்கு நான் மூச்சு விடாமல் பதில் சொன்னேன். அதுவரை யாரும் என்னைத் தொழில்காரியாக நினைத்து ஒரு கேள்வி கேட்டதில்லை. நல்லா பேசுறம்மா என்பார்கள், அத்தோடு சரி.

சாயங்காலம் அறைக்குத் திரும்பினேன். என்னோடு தங்கியிருந்தவள் சுவர்ப் பத்திரிகைக்காரி. கையால் எழுதிப் பேருந்து நிறுத்தங்களில் ஒட்டுகிறவள், வாயும் கையும் ஓயாத பெண். என் சிவப்புப் பட்டையைப் பார்த்ததும் அடங்கிப்போனாள்.

“அது நீங்கதானா? உங்க பதிவை எங்களுக்கெல்லாம் முன்னாடியே அனுப்பியிருந்தாங்க. கேட்டுட்டு ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் வரல.”

“ஏன், அதுல தூக்கம் கெடுற மாதிரி என்ன இருக்கு?”

அவள் தன் போனில் போட்டுக் காட்டினாள். என் குரல்தான். சுத்தமாக, நிதானமாக, ஒரு மூச்சுகூடப் பிசிறில்லாமல்.

‘எங்க வீட்டுப் பின்னாடி ஒரு சாமான் ரூம் இருக்கு. ஜன்னல் கிடையாது. நான் உள்ள போனதும் என் மாமியார் வெளியே பூட்டுப் போட்டுடுவாங்க. சாவி அவங்க இடுப்புல. கதவுக்கு முன்னாடியே உக்காந்திருப்பாங்க. பிள்ளைங்க அழுதாலும் திறக்க மாட்டாங்க. என் வீட்டுக்காரர் வந்தாக்கூட உள்ள விட மாட்டாங்க. நான் இருட்டுல, கம்பளிக்குள்ள உக்காந்து பேசுவேன். அந்தக் குரல்தான் காலையில எங்க ஊருக்கெல்லாம் கேக்குது.’

ஒரு வார்த்தை பொய்யில்லை. ஒரு வார்த்தை அவன் சேர்த்ததில்லை. ‘ஏன்’ என்று நான் சொன்ன இடங்களை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்திருந்தான்.

“ஐயையோ, இது அப்படி இல்லீங்க. அவங்க பூட்டுறது எனக்காக. சத்தம் வரக் கூடாதுன்னு. நான் சொல்லித்தான் பூட்டுறாங்க.”

சுவர்ப் பத்திரிகைக்காரி என் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “எனக்குத் தெரியும்மா. என் அக்காவும் இப்படித்தான் சொல்லிட்டிருந்தா. எல்லாம் என் நல்லதுக்குத்தான்னு.”

நான் மறுக்க மறுக்க அவள் கண் கலங்கியது. நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மாநாட்டை நடத்துகிற அம்மாவிடம் போனேன். நல்ல மனுஷி, தலை நரைத்தாலும் வேகநடைக்காரி. அவர் என்னைப் பேச விட்டால்தானே. ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்கார வைத்தார். “திரும்பிப் போறதுக்குப் பயமா இருந்தா சொல்லுங்க. தங்குறதுக்கு வேற ஏற்பாடு இருக்கு. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்துடலாம்.” நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். “உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? இந்த உதவித்தொகைய போன வருஷத்தோட நிறுத்தியிருக்கணும். மாநாட்டுக்குப் போய் இவங்க என்னத்தைக் கிழிக்கப் போறாங்கன்னு பணம் குடுக்கிறவங்க கேட்டாங்க. உங்க பதிவைக் கேட்ட பிறகுதான் வாயடைச்சுப் போனாங்க. நாளைக்குக் கடைசி நாள், அவங்களும் வர்றாங்க. உங்க குரலைக் கேட்டுட்டுத்தான் அடுத்த வருஷத்துக்கு முடிவு.”

“அதுல கொஞ்சம் வெட்டிட்டாங்கம்மா. என் மாமியார் அப்படிப்பட்டவங்க இல்ல.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வது? அவ்வளவு கனிவு. “நீங்க யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம்மா. உங்க மனசுக்கு எது முடியுமோ அதை மட்டும் பேசுங்க.”

“இந்தப் பட்டையையாவது நீலமா மாத்திக் குடுங்க. எனக்கு ஒரு போட்டோ வேணும்.”

“அது மட்டும் கேக்காதீங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது.”

வெளியே வந்து கூடத்தைப் பார்த்தேன். மலைக்காரர், சந்தைக்காரர், சுவர்ப் பத்திரிகைக்காரி, இன்னும் எத்தனையோ நீலப் பட்டைகள். எல்லாரும் அதே உதவித்தொகையில் வந்தவர்கள். நேற்று நான் அனுபவித்த அந்தப் பகலை, அடுத்த வருடம் எங்கேயோ ஒரு அறையில் கம்பளிக்குள் உட்கார்ந்திருக்கிற இன்னொருத்தி அனுபவிக்க வேண்டாமா? நான் எழுந்து நின்று இது தப்பான பதிவு என்று அடித்துச் சொன்னால், நிறுத்தக் காத்திருக்கிறவர்கள் கையில் தடியைக் கொடுத்த மாதிரி. சொல்லாவிட்டால் அத்தையின் பெயர் நாறும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். அந்த எறும்பு எவ்வளவு பாவம் என்று அன்றுதான் தெரிந்தது. எவ்வளவோ பெரிய கூடம், ஆனால் எனக்கு மூச்சு முட்டியது. எங்கள் சாமான் அறையில் ஒரு நாளும் எனக்கு மூச்சு முட்டியதில்லை.

கத்தரிக்குப் போன் போட்டுக் கிழி கிழி என்று கிழித்தேன்.

“எல்லாம் உங்க வார்த்தைதானே அக்கா. நான் ஒண்ணும் சேர்க்கலையே.”

“சேர்த்திருந்தாக்கூடத் தப்பிச்சிருப்பேன்டா. நாளைக்கு நேரடி ஒலிபரப்பை நிறுத்து.”

“எப்படிக்கா? ஊர் பூரா சொல்லியாச்சு. உங்க அத்தை பட்டறைக்காரர்கிட்டப் போய் மிஷினையே நிறுத்தச் சொல்லிட்டாங்க. நிலையத்து வாசல்ல ஸ்பீக்கர் கட்டி நாற்காலி போடப்போறோம். அவங்க புதுப்புடவை எடுத்து வச்சிருக்காங்க.”

எனக்கு அழுகை வந்தது. அழுது என்ன? யோசித்தேன். நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கினேன். முதலில் அந்த அம்மா என்னை அறிமுகப்படுத்துவார், அடுத்துப் பதிவு, அதற்கப்புறம் நான் பேச வேண்டும். “இங்க பாரு. அந்த அம்மா என்னைப் பத்தி அறிமுகம் சொல்லி முடிச்சதும் இணைப்பைத் துண்டிச்சிடு. மூணு நிமிஷம் பதிவு ஓடும். அது முடிஞ்சதும் சேர்த்துடு. நான் பேசுறது மட்டும் நம்ம ஊருக்குப் போகணும். புரிஞ்சுதா?”

“இதுதானா? கடிகாரத்தைப் பாத்துக் கச்சிதமா வெட்டிடறேன் அக்கா” என்றான். வெட்டுவதென்றால் அவனுக்குச் சொல்லியா தர வேண்டும்?

கடைசி நாள். மேடைக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பணம் கொடுக்கிறவர்கள் எனக்கு எதிர்ப்பக்கம் இருந்தார்கள். இரண்டாவது வரிசையில் சுவர்ப் பத்திரிகைக்காரி கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தாள். நான் என்ன சொல்ல வேண்டுமென்று முடிவு செய்திருந்தேன். யாரையும் குற்றம் சொல்லாமல், உதவித்தொகைக்கும் கெடுதல் வராமல், அத்தை செய்வதை மட்டும் அப்படியே சொல்லிவிடுவது. நேராக நின்று சொன்னால் நம்பாமலா போவார்கள்?

விளக்கு அணைந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இருட்டுக்குள் என் குரல் எழுந்தது. ‘எங்க வீட்டுப் பின்னாடி ஒரு சாமான் ரூம் இருக்கு.’

அறிமுகம் இல்லை, ஒன்றும் இல்லை. இருட்டில் திடுமென்று கேட்டால் மனதில் தைக்கும் என்று யாரோ கடைசி நேரத்தில் மாற்றியிருக்கிறார்கள். போனை எடுத்தேன். கத்தரியின் எண் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அந்தப் போன் வழியாகத்தான் மாநாட்டின் சத்தமே ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தேன். நான் திருடவுமில்லை என்பதுதான் கொடுமை.

விளக்கு வந்தது. அந்த அம்மா மைக்கைப் பிடித்தார். “இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இன்று நம்மோடு இருக்கிறார். இப்போது அவர் பேசப்போவதை அவர் வீட்டிலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது தெரிந்தும் பேச வருகிறார். அந்தத் துணிச்சலை வரவேற்போம்.”

மேடை ஏறினேன். என் பட்டையைப் பார்த்துக் கேமராக்கள் எல்லாம் கீழே இறங்கின. மைக் நல்ல மைக், எங்கள் நிலையத்தில் கனவிலும் வாங்க முடியாதது.

“அந்தப் பூட்டைப் போட்டது என் அத்தைதான். போடச் சொன்னது நான். எங்க கதவு தானாத் திறந்துக்கும், அதுக்காகத்தான் பூட்டு. நான் பேசுற நேரத்துல ஒரு சத்தம் உள்ள வரக் கூடாதுன்னு அவங்க முக்காலியில உக்காந்து காவல் காப்பாங்க. ஊரே எங்க ரேடியோவக் கேக்குதுன்னா அதுல பாதி அவங்க வேலை. எங்க ரேடியோவுல சம்பளமே இல்லாத ஒரே ஆள் அவங்கதான். எனக்குக் கிடைச்ச உதவித்தொகை அவங்களுக்கும் சேர்த்துத்தான். அத்தை, நீங்க கேட்டுட்டிருக்கீங்கல்ல? நீங்க இல்லேன்னா நான் இல்ல.”

சொல்லிவிட்டேன். அப்பாடா என்று நான் நினைத்த அந்த நொடியில் பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்: “பயப்படாதீங்க! நாங்க இருக்கோம்!”

கூடம் மொத்தமும் எழுந்து நின்றது. கைத்தட்டல் என்றால் அப்படியொரு கைத்தட்டல். சுவர்ப் பத்திரிகைக்காரி தேம்பி அழுதாள். நான் மைக்கில், “இல்ல, நெஜமாத்தான் சொல்றேன், நெஜமாத்தான்” என்றேன். கைத்தட்டல் இன்னும் கூடியது. அந்த அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னார்: “புரியுதும்மா. வீட்ல கேக்கும்போது வேற எப்படிப் பேச முடியும்?”

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அலறியிருப்பேன். அலறினால் அதையும் அவர்கள் அதே கதையில்தான் சேர்த்திருப்பார்கள். விலக்கிவிட்டு வெளி வராந்தாவுக்கு ஓடினேன். வீட்டில் புரிந்துகொள்வார்கள், அது போதும். அத்தை கேட்டிருப்பார். ஊர் கேட்டிருக்கும். இந்தக் கூடம் என்ன நினைத்தால் எனக்கென்ன?

போன் அடித்தது. கத்தரி.

“அக்கா, தப்பு ஒண்ணு நடந்துபோச்சு. அறிமுகம் வர்றதுக்கு முன்னாடியே பதிவு ஓடிருச்சு. நீங்க சொன்ன அடையாளம் வரலையேன்னு நான் காத்திருந்தேன். அப்புறம் அந்த அம்மா அறிமுகம் சொன்னாங்க. நீங்க சொன்ன மாதிரியே உடனே துண்டிச்சு, சரியா மூணு நிமிஷம் கழிச்சுச் சேர்த்தேன்.”

“சேர்த்தப்ப என்ன கேட்டுச்சு?”

“கைத்தட்டல்.”

“அத்தைகிட்டக் குடு.”

நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. அவ்வளவு பேர் இருந்தும் ஒரு பேச்சுக் குரல் இல்லை. பிறகு அத்தை.

“சொல்லு.”

“அத்தை, நீங்க கேட்டது பாதிதான். அதுக்கப்புறம் நான் எல்லாத்தையும் சொன்னேன். நீங்க எனக்காகத்தான் பூட்டுறீங்கன்னு சொன்னேன்.”

“நீ சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லையே. பூட்டுனது நான்தானே.”

“ஐயோ, அப்படி இல்ல அத்தை. அது கத்தரி வெட்டுனது.”

“எவ்வளவு நேரம் கை தட்டுனாங்க! எல்லாரும் கேட்டோம். நாளைக்கு எத்தனை மணிக்கு வர்ற?”

“காலையிலயே வந்துடுவேன் அத்தை. வந்து எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்.”

“யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். கதவத் தொறந்து வச்சிருக்கேன். நீ எப்ப வேணா வரலாம். எப்ப வேணா போலாம்.”

வைத்துவிட்டார். நான் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரமோ. அந்த அம்மா என்னைத் தேடிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த வருடத்துக்கு மட்டுமில்லை, அதற்கடுத்த வருடத்துக்கும் சேர்த்து உதவித்தொகைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்களாம். அப்புறம்தான் என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

“வீட்லேருந்தா? மிரட்டுனாங்களா? மாமியார் என்ன சொன்னாங்க?”

“கதவத் தொறந்து வச்சிருக்காங்களாம்” என்றேன்.

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குனிந்து என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தீங்களா?” என்றார். “நீங்க பேசுனது வீணாப் போகல.”